மரக்காணம் உப்பளத்தில் சைக்கிள்: எங்கே ஓட்டலாம், எங்கே இறங்கணும்?

பலர் கேட்ட கேள்வி இது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்ததும் உப்பளம் தெரியுது, உள்ளே இறங்கி ஓட்டலாமா?

லாரி போகிற மண்பாதையில், அங்க வேலை செய்யறவங்ககிட்ட கேட்டுட்டு ஓட்டுங்க. 35 மி.மீ. அகல டயர் இருந்தா நல்லது. ஆனா பாத்திகளுக்கு நடுவுல இருக்கற வரப்புல வேண்டாம். ஈர வரப்புல டயர் தடம் பதிஞ்சா, அதுவே வாய்க்கால் ஆயிடும். பல நாள் வெயில்ல வத்தி உப்பாகப் போற தண்ணி ஒழுகிப் போகும். நஷ்டம் அவங்களுக்குத்தான்.

அடுத்தது காத்து. கோடையில மதியத்துக்கு மேல கடல்காத்து பலமா அடிக்கும், தடுக்க மரமில்லை. சென்னை நோக்கி வரும்போது கடல் வலப்பக்கம். முந்துகிற பஸ் காத்தை ஒரு கணம் மறைக்கும், நீங்க பஸ் பக்கமா சாய்வீங்க. புதுசா ஓட்டறவங்க இதுலதான் தடுமாறுவாங்க. பஸ் சத்தம் கேட்டதுமே ஒரு கியர் குறைச்சு, முழங்கையை லேசா மடக்கி, உடம்பைத் தாழ்த்திக்கோங்க. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீங்க. காலையிலேயே ஓட்டி முடிச்சுட்டா இன்னும் நல்லது.

வீடு திரும்பியதும் அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவுங்க. உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். நிறுத்தி வச்ச வண்டியும் துருப்பிடிக்கும். பிரஷர் பம்ப் வேண்டாம், அது உப்பை பேரிங்குக்குள்ள தள்ளிடும். வாளியும் துணியும் போதும். நல்லா காய்ஞ்ச பிறகு செயினுக்கு எண்ணெய் போடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.