ஆபாசமா, சுரண்டலா?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆபாசப் படங்கள் ஒரு சமூகப் பிரச்சனையா என்னும் கேள்விக்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பண்பாடு கெடுகிறது, தடை செய்க என்பது ஒன்று. பார்ப்பவரின் தனியுரிமை, தலையிடாதீர் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் பார்ப்பவரைப் பற்றியே பேசுகின்றன. படத்திலுள்ள பெண்ணைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

முதல் விடையின் வரலாற்றைப் பார்ப்போம். 1868இல் இங்கிலாந்தில் உருவான ஹிக்ளின் அளவுகோல், படிப்பவரின் மனம் கெடுமா என்று மட்டுமே வினவியது. காலனிய ஆபாசச் சட்டத்தின் கீழ் 1940களில் இஸ்மத் சுக்தாயும் மண்ட்டோவும் லாகூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். விடுதலைக்குப் பின்னரும், 1964இல், ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் அதே அளவுகோலைக் கொண்டு உறுதி செய்தது. 2014இல்தான் அது கைவிடப்பட்டது. 2015இல் ஒன்றிய அரசு 857 இணையதளங்களை முடக்க ஆணையிட்டுச் சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஒழுக்கத்தின் பெயரால் வரும் தடை எழுத்தின் மீது எளிதாகப் பாய்கிறது. சுரண்டுபவனை அவ்வளவு எளிதில் தீண்டுவதில்லை.

இரண்டாவது விடை ‘சுதந்திரமான தேர்வு’ என்கிறது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நீதிமன்றம் 22 இளம்பெண்களுக்கு ஏறத்தாழ 1.27 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. விளம்பர மாடல் வேலை என்று அவர்களை வரவழைத்து, படம் இணையத்தில் வராது என்று உறுதி கூறி ஏமாற்றியிருந்தது ஒரு நிறுவனம். அதே ஆண்டு டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் விலகியதும், போர்ன்ஹப் தளம் சரிபார்க்கப்படாத பல லட்சம் காணொளிகளை ஒரே வீச்சில் அகற்றியது. பெண்களின் கண்ணீர் அசைக்காததை வருவாய் இழப்பு அசைத்தது. பெண்ணுடல் சரக்காகும் சந்தையில் ஒப்புதலும் ஓர் ஒப்பந்தத் தாளாகச் சுருங்கிவிடுகிறது.

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ரத்து செய்தபோது, ‘குழந்தை ஆபாசப்படம்’ என்னும் சொல்லையே நீதிமன்றங்கள் கைவிட வேண்டும் என்றது. குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலையும் வன்கொடுமையையும் காட்டும் பொருள் என்று அழைக்கச் சொன்னது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்க்கு இது வெறும் சொல்மாற்றமாகத் தோன்றாது. ‘ஆபாசம்’ பார்ப்பவரின் கூச்சத்தைச் சொல்கிறது. ‘சுரண்டல்’ இழைக்கப்பட்ட குற்றத்தைச் சொல்கிறது.

வயதுவந்தோரின் விருப்பம் நமக்குப் பகையன்று. ஆனால் ஒருத்தியின் படம் அவள் ஒப்புதலின்றிப் பரவுகையில் நம் கிளைகளிலும் ஒரு கேள்வி எழுகிறது: “அவள் ஏன் எடுக்கவிட்டாள்?” படம்பிடிக்க ஒப்பியவள் பரப்ப ஒப்பவில்லையெனில், பரப்புதல் குற்றம் என்று 2013ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமே தெளிவாக்கியது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவிலும் தொடர்கிறது. அத்தகைய படத்தைப் புகார் பெற்ற 24 மணி நேரத்துக்குள் நீக்குமாறு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தளங்களுக்கு ஆணையிட்டன. இவற்றை அறியாது தனித்து நிற்கும் பெண்ணுடன் காவல் நிலையம்வரை செல்வது மாதர் அணியின் வேலை மட்டுமன்று. கிளை முழுவதன் கடமை.

ஆம் தோழர்களே, இது சமூகப் பிரச்சனைதான். யாருடைய உடல், யாருடைய ஒப்புதல், யாருக்கு லாபம் என்று கேட்கும்போதுதான் அதன் வர்க்க முகமும் ஆணாதிக்க முகமும் ஒருசேரப் புலப்படும். நம் விவாதம் அக்கேள்விகளிலிருந்து தொடங்கட்டும்.