கூனும் மரப்பும்

மருத்துவத் தமிழ் என்றால் நாம் நூற்சொற்களையே ஆராய்கிறோம். அறுவைக் கூடத்தில் நோயாளியிடம் சொல்லப்படும் ஏவல்கள் எந்த அகராதியிலும் ஏறுவதில்லை. இன்று அவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம்.

1898இல் செருமனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர் கணுக்கால் அறுவையொன்றிற்கு முதுகுத்தண்டில் மருந்து செலுத்தினார். இன்றும் இடுப்பு, தொடை, முழங்கால் அறுவைகளுக்கு அம்முறை வழங்குகிறது. நோயாளி விழித்திருப்பார், இடுப்புக்குக் கீழ் உணர்விராது. நாமோ இதனையும் 'மயக்க ஊசி' என்கிறோம். சிரம்பான், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி முதுமையெய்தியவர் இச்சொல்லைக் கேட்டபின் மேசைமேல் விழித்துக் கிடந்தால், மருந்து பலிக்கவில்லை என அஞ்சாரோ? மலாயில் 'பியுஸ்' என்பதும் பொதுச்சொல்லே. 'செபாரு பாடான்', அதாவது அரை உடம்பு, என்று சேர்த்துத் தெளிவாக்குகின்றனர். 'கால் மரத்துப்போச்சு' என்னும் வழக்கு நம்மிடம் இருக்க, 'மரப்பூசி' எனச் சொல்வதில் என்ன தடை?

இனி இருக்கைநிலை. வளர்ந்தோர்க்குத் தண்டுவடம் முதலிரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிகிறது. ஊசி அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் எலும்புகளின் இடைவெளியில் நுழையும். அவ்விடைவெளி திறக்க இடுப்புமுதுகு வெளிப்புறம் புடைக்க வேண்டும். 'குனியுங்கள்' என்றால் பால்மரம் வெட்டியவர் தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தது போல இடுப்பில் மடிவார். முதுகு நேராகவே நிற்கும். ஊசி எலும்பில் முட்டும். இங்கு வேண்டுவது கூனுதல். சிற்றிறாலைக் கூனி என்பது இவ்வடிவம் பற்றியே போலும். (யாப்பிலும் கூன் உண்டு, அது வேறு செய்தி.) 'முதுகைக் கூனுங்க, தாடை நெஞ்சில் படட்டும்' என்றால் மூத்தோர்க்கு விளங்கும்.

படுக்கவைத்து ஊசி போடுவதாயின் 'ஒருக்களித்துப் படுங்க' என்பதே சரியான சொல். 'வலப்பக்கம் திரும்புங்க' என்பதில் முகம் திரும்புவதா, அப்பக்கம் கீழே வருவதா என்னும் ஐயம் எழும். முதுகுநீரினும் அடர்ந்த மருந்து தாழ்ந்த பக்கமே இறங்கும். எனவே ஒருபக்க மரப்பு வேண்டின், அறுவைக்குரிய காலே கீழே இருத்தல் வேண்டும். 'வலக்கால் அடியிலே இருக்கட்டும்' என்றால் ஐயமில்லை.

மரத்த காலின் நிலை நோயாளிக்குத் தெரியாது. கீழே வைத்தபின்னும் தூக்கியே இருப்பதாகச் சிலர் சொல்வர். முழங்காலின் வெளிப்புற நரம்பு நசுங்கினும் அவர் 'வலிக்கிறது' என்று சொல்ல மாட்டார்; அங்குப் பஞ்சணை வைப்பது பிறர் பொறுப்பு.

தோட்டத்து முதியோருள் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உளர். அவர்களிடம் இவ்வேவல்களைக் கேட்டுப் பதியும் பணி இனித்தான் தொடங்க வேண்டும்.