கடலற்ற நகரமும் நாசகாரிக் கப்பலும்



ஹுசைன் சாகர், உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று தன் ஏரிகளுக்கெல்லாம் சமுத்திரத்தின் பெயரைச் சூட்டி மகிழ்கின்ற ஹைதராபாத், உண்மையான சமுத்திரத்தைக் காண வேண்டுமானால் மசூலிப்பட்டினம் வரையில் சுமார் 300 கிலோமீட்டர் பிரயாணம் செய்தாக வேண்டிய தக்காணப் பீடபூமி நகரமாகும். எனினும், மும்பை மஸகான் தளத்தில் கட்டப்பட்டு நம் கடல்களைக் காத்து நிற்கும் நாசகாரிக் கப்பல்களின் உடலுக்கும் கரத்துக்கும் வலிமை தந்த நகரங்களில் முதன்மையானது அதுவே. இது நேர்ந்த விதத்தைச் சொல்லுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாசகாரி என்னும் கப்பல் வகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெரிய யுத்தக் கப்பல்களை அச்சுறுத்திய டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே தோன்றியது. ஆனால் 1967 அக்டோபர் 21 அன்று, போர்ட் செய்துக்கு அருகே, எகிப்தின் சிறு படகுகள் எய்த சோவியத் ஏவுகணைகள் எய்லாத் என்ற இஸ்ரேலிய நாசகாரியை மூழ்கடித்தபோது, வேட்டையாடப் பிறந்த கப்பலே வேட்டைக்கு இரையாயிற்று. 1971 டிசம்பர் 4 இரவில், அதே வகை ஏவுகணைகளைத் தாங்கிச் சென்ற நம் படகுகள், கராச்சிக்கு அருகே பாகிஸ்தானின் கைபர் என்னும் நாசகாரியைத் தாக்கி மூழ்கடித்தன. அக்கப்பலில் இருந்தவர்களோ தங்களைத் தாக்கியது விமானம் என்றே கருதினார்கள்.

பின்னர் வந்த ஏவுகணைகள் அலைகளுக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பறந்து வரலாயின. பூமி உருண்டையாக இருப்பதால், கப்பலின் உயர்ந்த கம்பத்தில் அமர்ந்த ரேடாருக்குங்கூட அத்தகைய ஏவுகணை 25 அல்லது 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்த பிறகே தென்படும்; அது ஒலியின் வேகத்தை ஒட்டி வருமாயின், கண்டதற்கும் மோதுவதற்கும் இடையே எஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை நிமிஷமே. 1982இல் ஃபாக்லாந்து யுத்தத்தில் பிரிட்டனின் ஷெஃபீல்டு என்ற நாசகாரி அழிந்தது இத்தகைய ஏவுகணை ஒன்றினால்தான்.

அதே 1982இல், ராமேசுவரத்துப் படகுச் சொந்தக்காரர் ஒருவரின் மகனான அப்துல் கலாம், ஹைதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளுள் திரிசூல் என்பதன் கடற்படை வடிவமே, அலையை ஒட்டி வரும் ஆபத்திலிருந்து கப்பல்களைக் காக்க வேண்டியதாக இருந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அது கப்பலேறவில்லை. அவசரத் தேவைக்காக இஸ்ரேலின் பராக் ஏவுகணைகள் வாங்கப்பட்டன. 2008இல் திரிசூல் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. ஆயினும் நம் விஞ்ஞானிகள் முயற்சியை விட்டுவிடவில்லை. 2006இலேயே இஸ்ரேலுடன் கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டு, பராக் 8 என்றும் எம்.ஆர்.சாம் என்றும் வழங்கும் ஏவுகணை உருவாகலாயிற்று. சுமார் 70 கிலோமீட்டர் தூரம் செல்லவல்ல அதன் விசேஷம், நம் நாட்டில் உருவான ராக்கெட் மோட்டார் இரு தவணைகளில் எரிவதாகும். முதல் தவணை ஏவுகணையை உயரே செலுத்த, இரண்டாவது தவணை இலக்கை நெருங்கும் தறுவாயில் மூண்டு, பகை ஏவுகணை எத்திசையில் வளைந்தாலும் உடன் வளைந்து துரத்தும் சக்தியைத் தருகிறது. ஹைதராபாத்தில் 1970இல் தோன்றிய பாரத் டைனமிக்ஸ் நிறுவனம் இதனை உற்பத்தி செய்கிறது.

இனி, இந்த ஏவுகணையைத் தாங்கும் கப்பலைப் பார்ப்போம். 2021 நவம்பர் 21 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் என்னும் நாசகாரி 163 மீட்டர் நீளமும் 7,400 டன் எடையும் உடையது. நான்கு வாயுச் சுழலிகள் அதனை மணிக்கு 30 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்துகின்றன. பகைவரின் ரேடார் அலைகள் வந்த வழியே திரும்பாதபடி அதன் பக்கங்கள் சரிவாக அமைக்கப்பட்டிருக்கின்றன. உடலாகிய டி.எம்.ஆர். 249ஏ என்னும் எஃகோ, ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடம் கண்டளித்தது. தளத்துக்குள் செங்குத்தாகப் புதைந்த குழாய்களில் 32 எம்.ஆர்.சாம் ஏவுகணைகளும், ஒலியைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும் 16 பிரமோஸ் ஏவுகணைகளும் காத்திருக்கின்றன. பிரமோஸின் இலக்கு காணும் கருவிக்கு உள்நாட்டு வடிவம் தந்ததும் ஹைதராபாத்தின் இமாரத் ஆராய்ச்சி மையமே. நாற்றிசையும் ஒருங்கே நோக்கும் பிரதான ரேடார் இஸ்ரேலுடையது என்பதையும், சுழலிகள் உக்ரைனிலிருந்து வந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டிய காரியம் இன்னும் எவ்வளவு என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

2025 ஏப்ரல் 24 அன்று விசாகப்பட்டினம் வகுப்பின் நான்காவது கப்பலான ஐ.என்.எஸ். சூரத், அலைகளை ஒட்டிப் பறந்து வந்த இலக்கு ஒன்றைப் பரீட்சையில் இடைமறித்து வீழ்த்தியது. திரிசூலிடம் தேசம் கேட்ட வரம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பெயரில் கைகூடிற்று. தோல்வியுற்ற திட்டத்தோடு ஆய்வகத்தின் கதவையும் சாத்திவிடாத தேசத்துக்கே இத்தகைய வரம் கிட்டும் என்பதை, நேயர்களே, இந்நாட்டு இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.