முதியோருக்குக் கூடுதல் நொடிகள்

வீட்டுவசதி, போக்குவரத்து, மருத்துவச் சேவை உள்ளிட்ட எட்டுத் துறைகளில் மூத்தோரின் தேவைகளுக்கு இடமளிக்கும் ஊரே முதியோர்க்கு உகந்த ஊர் என்பது, உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படையாகும். சிங்கப்பூரில் 2009 முதல், மூத்த குடிமக்கள் தம் சலுகை அட்டையைச் சாலைக் கடப்பிலுள்ள கருவியில் வைத்தால், நடப்போருக்கான பச்சை விளக்கு, சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 நொடிகள் வரை கூடுதலாக எரிகிறது. ஏற்பாடு சிறியதே எனினும், நடுச்சாலையில் சிக்கிவிடுவோமோ என்னும் அச்சமே முதியவர் பலரை வீட்டுக்குள் முடக்கிவிடுவதால், இதன் மதிப்பு மிகப் பெரிது. அங்குள்ள கம்போங் அட்மிரல்டி வளாகமோ முதியோர் குடியிருப்பு, மருத்துவ மையம், உணவங்காடி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை ஒருங்கே அமைத்து, முதுமையைத் தனிமையிலிருந்து காக்கிறது. புதிய குடியிருப்புகளைத் திட்டமிடுவோர், வரைபடம் தீட்டும் நிலையிலேயே முதியோரை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.