ஒளிச்சுவர் அமைத்தல்

1985ஆம் ஆண்டிலே யப்பான் நாட்டின் சுக்குபா நகரில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சிக்குச் சென்றோர், 40 மீற்றர் அகலமும் 25 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு தொலைக்காட்சித் திரையைக் கண்டு வியந்து நின்றனர். சொனி நிறுவனத்தார் நிறுவிய அத்திரைக்கு ஜம்போற்றோன் என்பது பெயர். அத்துணைப் பெரிய திரையை ஒரே கண்ணாடியாக வார்ப்பது எவராலும் இயலாத காரியம். ஆதலால், சிறு சிறு ஒளிக்குழாய்களைக் கூட்டங் கூட்டமாக அடுக்கி, அக்கூட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, கொத்தன் கல் வைத்துச் சுவர் எழுப்புவது போலவே அதனையும் எழுப்பினர்.

இக்காலத்து ஒளிச்சுவர்களில் அக்குழாய்களின் இடத்தை எல்.ஈ.டி. விளக்குகள் பெற்றுவிட்டன. ஒளிகாலும் இருவாயி என்று பௌதிகவியற் பாடநூல்கள் கூறுவது இதனையே. சிவப்பு ஒளி தருவது முன்னரே கிடைத்துவிட்டது. பிரகாசமான நீல ஒளி தருவது 1990களிலேதான் கைகூடிற்று. அதனை ஆக்கித்தந்த அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றும் ஒரு புள்ளியிற் கூடினாலன்றி, வெண்மையும் இல்லை, முழு நிறப்படமும் இல்லை.

மண்டபம் ஒன்றிலே 6 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமுமான ஒளிச்சுவர் அமைக்கப்படுகின்றது எனக் கொள்க. அரை மீற்றர்ச் சதுரமான பெட்டிகளாலே அது கட்டப்படும். தொழிலாளர் அப்பெட்டியைக் கபினெற் என்பர். வரிசைக்குப் பன்னிரண்டாக ஆறு வரிசை; மொத்தம் 72 கபினெற்றுகள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 2.5 மில்லிமீற்றர் எனின், ஒரு கபினெற்றில் 40,000 புள்ளிகள் இருக்கும். சுவர் முழுவதிலும் 28 இலட்சத்து 80 ஆயிரம். புள்ளிக்கு மூன்று விளக்கு வீதம் கணக்கிட்டால் 86 இலட்சத்து 40 ஆயிரம் விளக்குகள். இத்தனையும் ஒரே திரை என்று பார்ப்பவர் நம்புதல் வேண்டும். வேலையின் அருமை முழுவதும் அந்த நம்பிக்கையை உண்டாக்குவதிலேதான் இருக்கின்றது.

அருமை யாதெனில், மனிதக் கண் ஒரு விசித்திரமான நீதிபதி. சாதாரணக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியமாட்டாது. மேற்கூறிய சுவரிலிருந்து ஏறக்குறைய 9 மீற்றர் தூரத்தில் ஒருவர் அமர்ந்தால், புள்ளிகள் யாவும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஆனால் அதே கண், ஒரு நேர்கோடு இடையிலே முறிந்திருந்தால், அதனை அந்த அளவின் பத்திலொரு பங்கிலுங்கூடக் கண்டுபிடித்துவிடும். புள்ளியைக் காணமாட்டாத தூரத்தில் இருந்துகொண்டே பொருத்தின் பிழையைக் காணும்! இரு கபினெற்றுகளின் விளிம்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விலகினால் அவ்விடத்தே மெல்லிய இருட்கோடு தோன்றும். அதே அளவு நெருங்கினால் ஒளிக்கோடு தோன்றும். கறுப்புச் சட்டை அணிந்த செய்தியாளர் திரையில் வரும்போது ஒருவரும் கவனியார். வெள்ளைப் பின்னணியோ நீல வானமோ வந்தவுடன், சுவர் முழுவதும் சதுரஞ் சதுரமாகக் கோடு போட்ட கொப்பித்தாளாகிவிடும்.

ஆகவே முதல் வேலை விளக்கு வேலையன்று, கொல்லன் வேலை. 72 கபினெற்றுகளும் அரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம். அதனைத் தாங்கும் உருக்குச் சட்டம் நேராகவும் நிலைக்குத்தாகவும் நிற்றல் வேண்டும். கட்டடத்துச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பிச் சட்டத்தை அதிலே அறைபவன் பின்னர் வருந்துவான். நேரான கட்டடச் சுவர் அபூர்வம். அடிவரிசையின் முதற் கபினெற்றிலே உள்ள சிறு சாய்வு, ஆறாவது வரிசைக்கு ஏறும்போது பெருஞ்சாய்வாகும். அதனால் அனுபவசாலிகள் அடிவரிசைக்கு மாத்திரம் அரைநாள் செலவிடுவர். அந்த அரைநாளைக் கண்டு, வேலை நடக்கவில்லையே என்று நிருவாகத்தார் முணுமுணுப்பதும் வழமை. மேல் வரிசைகள் பின்னர் விரைவாக ஏறிவிடும். வேகத்திலே விளிம்பைக் கையால் உரசினால், மணல் மணிபோன்ற விளக்குகள் உதிர்ந்துவிடும் என்பதையும், உடம்பிலுள்ள நிலைமின்னே அவற்றைக் கொல்லும் என்பதையும் மறத்தலாகாது.

விளிம்புப் புள்ளிகளின் ஒளியைக் கணினி மூலம் சிறிது கூட்டியும் குறைத்தும் இருட்கோட்டையும் ஒளிக்கோட்டையும் மறைக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒரு கபினெற் முன்னே துருத்தியோ பின்னே அமிழ்ந்தோ நின்றால் அம்மருந்து பலியாது. நேரே இருப்பவனுக்குப் பிழை மறையும்; பக்கத்து ஆசனத்தில் இருப்பவனுக்கு அது பன்மடங்காகும். திருகாணியால் திருத்த வேண்டியதைத் திருகாணியாலேயே திருத்துதல் நன்று.

அடுத்தது படத்தை ஊட்டும் கேபிள். சாதாரணமான ஒரு வலைக்கேபிள், செக்கனுக்கு அறுபது படங்கள் என்ற வீதத்தில், ஏறக்குறைய ஆறரை இலட்சம் புள்ளிகளுக்குச் செய்தி கொண்டுபோகும். ஆகவே இச்சுவருக்கு இரண்டு நிரலுக்கு ஒரு கேபிளாக ஆறு கேபிள்கள் போதும். இங்கே நிகழும் பிழை பெரும்பாலும் நகைப்புக்கிடமானது. கேபிள் இணைப்பவர் சுவரின் பின்னே நிற்கின்றார். கணினியின் முன் இருப்பவர் சுவரை முன்னிருந்து பார்க்கின்றார். ஒருவரின் இடம் மற்றவருக்கு வலம். இதனை முன்னரே பேசிக்கொள்ளாவிட்டால், பேச்சாளரின் தலை ஒரு மூலையிலும் தோள் மற்றொரு மூலையிலும் தோன்றும்! கபினெற்றுகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே திரையில் ஒளிரச் செய்து சரிபார்த்தல் எளிய வழி. மின்வழங்கலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 72 கபினெற்றுகளையும் ஒரே கணத்திற் போட்டால், முதற் கணத்திற் பாயும் மின்னோட்டம் பாதுகாப்பு ஆளியை விழுத்திவிடும். பகுதி பகுதியாகவே போடுதல் வேண்டும்.

இனி நிறத்தைச் சமனாக்கும் வேலை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் பிறந்த விளக்குகளும் ஒளியில் ஒத்திரா. ஆதலால் தொழிற்சாலையார் அவற்றை அளந்து தரம் பிரிக்கின்றனர். அதன் பின்னும் எஞ்சும் வேற்றுமையை, சுவருக்கு முன்னே கமரா வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அளந்து நீக்குவர். நீக்கும் முறை கவனிக்கத்தக்கது. மங்கிய விளக்கை அதன் ஆற்றலுக்கு மேலே உயர்த்த வழியில்லை. பிரகாசமான விளக்கையே தாழ்த்தலாம். எனவே சமனான சுவர் சற்று மங்கிய சுவராகவே அமையும். காசு கொடுத்தவருக்கு இது எளிதிற் பிடிப்பதில்லை. விற்பனைப் பத்திரத்திலே கண்ட ஒளியின் அளவு தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் வாதிப்பார். உண்மையில், மண்டபத்துக்குள் அவ்வளவு ஒளியும் தேவைப்படுவதில்லை. முழு ஒளியிலே ஒரு மணிநேரம் இருந்து பார்ப்பவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுவார்.

அளவெடுக்கும் வேளையும் முக்கியமாகும். வெப்பம் ஏறஏற விளக்குகள் மங்கும். மூன்றனுள்ளும் சிவப்பே மிகுதியாக மங்கும். குளிர்ந்த சுவரிலே பார்த்துத் திருத்திய வெண்மை, சிறிது நேரஞ் சென்றபின் நீலப்பச்சை சாயும். சுவரை எரியவிட்டு, சூடு நிலைபெறும் வரை காத்திருந்து அளப்பதே முறை. திறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு வேலை கொடுக்கப்பட்டால் இந்தக் காத்திருப்பே முதலிற் பலியாகும்.

புள்ளிகள் நெருங்கியிருத்தலே சிறப்பு என்று எண்ணுதலும் தவறு. ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2023ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட ‘ஸ்பியர்’ என்னும் கோளக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஏறக்குறைய 12 இலட்சம் வட்ட விளக்குகள், 8 அங்குல இடைவெளியிலே பதிக்கப்பட்டுள்ளன. அருகே சென்றால் விளக்குக்கும் விளக்குக்கும் இடையே கையை நீட்டலாம். தூரத்தே நின்றால் படம் தெளிவாகத் துலங்கும். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதை அறியாமல் திரை வாங்குபவர், ஒன்றில் காசை வீணாக்குவர், அல்லது படத்தைக் கெடுப்பர்.

சுவர் எழுந்து ஈராண்டு சென்றபின் வருகின்ற சிக்கல் ஒன்றுண்டு. நடுவே ஒரு பலகை பழுதாகின்றது. புதியது வாங்கி மாட்டுகின்றனர். மறுகணமே, பழைய வேட்டியில் தைத்த புதுத்துணி போல, அச்சதுரம் தனித்துப் பளிச்சிடும். பழையன யாவும் எரிந்து எரிந்து மங்கியிருக்கப் புதியது மாத்திரம் இளமையோடு நிற்கின்றது. வேறு தொகுதியில் ஆக்கப்பட்டதாயின் நிறமும் மாறும். ஆகவே முதல்நாளே, அதே தொகுதியிலிருந்து சில பலகைகளை மேலதிகமாக வாங்கி வைப்பர் அறிந்தவர். செலவைக் குறைக்க எண்ணும் அலுவலகங்கள் முதலில் வெட்டுவதும் அந்த வரியையே. அவ்வாறு வெட்டப்பட்ட இடங்களிலே தொழிலாளர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு: கீழ் மூலையில் இருக்கும் பழைய பலகை ஒன்றைக் கழற்றி நடுவே மாட்டி, புதியதை ஒருவரும் பாராத அந்த மூலையிலே வைத்துவிடுவர்.