மூன்று லட்சம் மேற்கோள்கள்

(பணியிடைப் பயிற்சி முகாமில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



உலகிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரை எது என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். "டி.என்.ஏ. இரட்டைச் சுருள்தானே ஐயா?" என்றான் ஒரு மாணவன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

விடை வேறு. 1951இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலிவர் லௌரியும் அவர் குழுவினரும், கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை எழுதினார்கள். முட்டை வெண்கருவில் சோடியம் ஹைட்ராக்சைடும் காப்பர் சல்பேட்டும் சேர்த்து ஊதா நிறம் காட்டுகிறோமே, அந்த வினைதான் தொடக்கம். மேலும் ஒரு வினைபொருளைச் சேர்த்தால் அடர்ந்த நீலம் வரும். மிகச் சிறிதளவு புரதத்தையும் அளந்துவிடலாம். அம்முறையில் அளந்தவர்கள் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். 2014இல் கணக்கெடுத்தபோது மேற்கோள்கள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தன. வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய கட்டுரையோ முதல் 100 இடங்களுக்குள்ளேயே இல்லை!

இரட்டைச் சுருள் பாடநூலுக்குள் போய்விட்டது. எல்லாரும் அறிந்ததற்கு யாரும் மேற்கோள் தேடுவதில்லை. அன்றாடம் கையாளும் செய்முறைக்கோ ஒவ்வொரு முறையும் காட்டியாக வேண்டும். அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று லௌரியே சொல்லியிருக்கிறார்.

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து நம்மை வரிசைப்படுத்தும் கூட்டங்களில் உட்காரும்போது, எனக்கு இந்த நீல நிறம் நினைவுக்கு வரும்.

அந்த மாணவன் விடவில்லை. "லௌரிக்கு நோபல் பரிசு கொடுத்தார்களா ஐயா?" இல்லை என்றேன். வாட்சனுக்கும் கிரிக்குக்கும் 1962இல் கொடுத்தார்கள்.