மொட்டைக் கோபுரமும் என் முகமும்

(குற்றாலத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தது’ என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான்கு பக்கம் எழுதியும் கொண்டு வந்தேன். அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, 1978 முதல் 81 வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் கேட்டான்: “ஏல, எங்களுக்கெல்லாம் கன்னம் தொங்கிப் போச்சு. நீ மட்டும் எப்படில அப்படியே இருக்கே?” நான் சிரித்துக்கொண்டே, “நம்ம குற்றாலத்துத் தண்ணி உடம்புல ஓடுதுல்லா!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரவில்லை. சொன்னது பொய். 2019-இல் சென்னையில் முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ‘ஃபேஸ் லிஃப்ட்’ என்பார்களே, அதுதான்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

2018-இல் எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு இணைத்தார்கள். 58 வயதில் வேலை போயிற்று. மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. போன இன்டர்வியூவில் எல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என் மகன் வயதுப் பிள்ளைகள். “அலைச்சல் தாங்குவீங்களா சார்?” என்று ஒரே கேள்வி. சர்க்கரைக்குப் பயந்து பத்துப் பன்னிரண்டு கிலோ இளைத்திருந்தேன். அதில் தாடைக்குக் கீழே தோல் பைபோலத் தொங்கியது. கண்ணாடியைப் பார்த்தால் வேலை போனவன் முகம்தான் தெரிந்தது.

இது ஏதோ சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த கூத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கை இழந்தார். பூனாவுக்குப் பக்கத்தில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த நம்மூர் வைத்தியர் ஒருவர், நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்தார்.

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் உருக்கமானது. தொழுநோய் குணமான பிறகும் பலருக்குப் புருவம் இல்லை, மூக்கு உட்கார்ந்துவிட்டது. கிருமி போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் ஊர் சேர்க்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு நிற்காமல் மூக்கையும் புருவத்தையும் சீராக்கினார். அந்த நோயில் இளவயதிலேயே தளர்ந்து சுருங்கிய கன்னங்களுக்கு, இன்று பணக்காரர்கள் செய்துகொள்ளும் இதே ஃபேஸ் லிஃப்ட் முறையை டாக்டர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது அலங்காரம் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் உட்காருவதற்கான அனுமதிச் சீட்டு. அவர்கள் பட்ட பாட்டோடு என் பாட்டை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. முகம் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

ஆபரேஷன் எப்படி என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காதுக்கு முன்னால் தொடங்கிக் காதைச் சுற்றிப் பின்பக்கம் வரை கீறுவார்கள். தோலை மட்டும் இழுத்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் தோலுக்கு அடியில் தசையோடு ஒட்டிய ஓர் உறுதியான படலத்தை இழுத்துக் கட்டி, மிஞ்சிய தோலை வெட்டித் தைக்கிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அதற்கும் கீழே ஓடுகிறது. கை தவறினால் வாய் கோணும்.

ஆண்களுக்கு இதில் சிக்கல் கூடுதல். தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் அதிகம், ஆகவே ரத்தம் கட்டும் ஆபத்தும் பெண்களைவிட அதிகம். வழுக்கைத் தலையில் தழும்பை மறைக்க முடியாது. தாடித் தோல் காதுப் பக்கம் நகர்ந்துவிடும். டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டார்: “பிரஷர் உண்டா? ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிகரெட் உண்டா?”

பிரஷர் இல்லை என்றேன், அது உண்மை. மற்ற இரண்டுக்கும் இல்லை என்றது பொய். யாரோ சொன்னதைக் கேட்டு நானாகவே தினமும் ஆஸ்பிரின் விழுங்கிக்கொண்டிருந்தேன். சிகரெட் ஒரு நாளைக்கு எட்டு. சொன்னால் தள்ளிப் போடுவாரே என்ற பயம். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். தென்காசியில் இருக்கும் அண்ணனிடம், “ஹைதராபாத்துல டிரெயினிங்” என்று சொல்லியிருந்தேன்.

அன்று இரவு இடது கன்னம் பந்துபோல வீங்கி, தோல் கிழிந்துவிடும்போல வலித்தது. உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. நள்ளிரவில் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றினார்கள். அப்போதுதான் ஆஸ்பிரின் விஷயத்தை உளறினேன். சிகரெட் தன் பங்குக்கு ரத்தக் குழாயைச் சுருக்கிவைத்திருந்ததால், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தோல் கறுத்து, ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. டாக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

சரி, வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. முகத்தை இழுத்துத் தைக்கலாம், விண்ணப்பத்தில் இருக்கும் 1960-ஐ எப்படித் தைப்பது? பிறகு ஒரு பழைய வாடிக்கையாளர் தம் கிடங்கைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துக் கூப்பிடவில்லை, முப்பது வருஷக் கணக்கைப் பார்த்துக் கூப்பிட்டார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கண்ணாடியைப் பார்க்க இப்போது பயமில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஒளித்ததற்காகத்தான் வருத்தப்படுகிறேன்.

எவ்வளவு நாள் ஒளிக்க முடியும்? தென்காசியில் எங்கள் வழக்கமான சலூன்காரர் கண்டுபிடித்துவிட்டார். “அண்ணாச்சி, உங்களுக்கு என்ன காதுக்குப் பின்னால எல்லாம் தாடி முளைக்கு?” சாயங்காலத்துக்குள் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. காசி விஸ்வநாதர் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாம் படித்த காலத்தில் அந்த ராஜகோபுரம் எப்படி நின்றது? பிளந்து, மொட்டையாக. பஸ்ஸில் வரும்போது நமக்கு அதுதான் அடையாளம். 1990-இல் ஒன்பது நிலையும் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. ஊரே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்பவர்களை அடிபணிந்து வணங்குவதாகக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். தன் கட்டடம் பழுதாகும் என்பதை ராஜாவே வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் சொன்னார்: “கோபுரத்தை ஊர் பாக்கக் கட்டுனாங்க. நீ ஏம்ல களவாணி மாதிரி கட்டுனே?”

என்னிடம் பதில் இல்லை. இன்று இங்கே பேசுவதுதான் பதில்.

மாணவத் தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை கன்னமல்ல, தலைமுடி. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரே இறந்துபோனார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய சிகிச்சைகளைப் பயிற்சி முகாமிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது, முறையாகப் பயின்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியது. வெட்கப்படுகிறவன்தான் சந்துக்குள் இருக்கும் மலிவான கடையைத் தேடுவான். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம். செய்வதானால் வீட்டில் சொல்லுங்கள். டாக்டரின் படிப்பைக் கேளுங்கள். அவர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கடைசியாக நம்ம குற்றாலநாதர். பெருமாளாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அந்த அழுத்தில் வந்த தலைவலிக்குத்தான் சுவாமிக்குத் தைல அபிஷேகம் என்பார்கள். உருவத்தை மாற்றினால் சாமிக்கே பின்விளைவு உண்டு! ஆனால் சாமி அதை ஒளிக்கவில்லை, ஊரறியத் தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

நண்பா, நேற்று ஐந்தருவியில் நீ கேட்டதற்கு இதுதான் பதில். இனி அருவிக்குப் போனால் காதுக்குப் பின்னால் நீயே பார்த்துக்கொள்.